வெட்பாலையில் ஒரு முகம்

நேயர்களுக்கு வணக்கம். மரத்தில் லேசர் கதிரால் புடைப்புச் சிற்பம் செய்து பார்த்த அனுபவத்தைச் சொல்ல வந்திருக்கிறேன். சாவிக்கொத்திலும் பெயர்ப்பலகையிலும் லேசரில் எழுதித் தருவதைப் பார்த்திருப்பீர்கள். அது மேலாகச் சுட்டுக் கறுக்கவைப்பது. நான் சொல்வது, கதிரையே உளியாக்கி, மில்லிமீட்டர் கணக்கில் குடைந்து, மேடு பள்ளத்தோடு ஓர் உருவத்தைக் கொண்டுவருவது.

என்னிடம் இருப்பது 60 வாட் கரியமில வாயு லேசர். இந்த வகை லேசரை 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் குமார் படேல். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து, புனேயில் பொறியியல் படித்தவர். இதன் கதிர் 10.6 மைக்ரான் அலைநீளம், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மரம் அதை நன்றாக உள்வாங்கிக்கொள்ளும். பட்ட இடம் நொடியில் புகையாகிப் போகும்.

எங்கே எவ்வளவு ஆழம் என்பதை ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மெஷினுக்குச் சொல்கிறது. வெள்ளை என்றால் தொடாதே, கறுப்பு என்றால் அடிவரை போ. நடுவில் இருக்கும் சாம்பல் நிறங்களையும் சேர்த்து மொத்தம் 256 படிகள். 4 மில்லிமீட்டர் ஆழத்தை அத்தனை படிகளாகப் பிரித்தால், ஒரு படி தலைமுடியின் தடிமனில் பாதிகூட வராது.

சரி, படம்தானே என்று தாத்தாவின் பழைய புகைப்படத்தை அப்படியே கொடுத்துவிட்டேன். வெளியே வந்த முகத்தைப் பார்த்து எனக்கு மனசே ஒடிந்துவிட்டது. நெற்றி விபூதி மூன்று வரப்புகளாக எழுந்து நின்றது. மீசை இருந்த இடத்தில் வாய்க்கால். கண்மணி இரண்டும் குழி. நிழல் விழுந்த கன்னம் உள்ளே இறங்கிப் போயிருந்தது. புகைப்படத்தில் இருப்பது வெளிச்சம். மூக்கு எவ்வளவு உயரம் என்று அதற்குத் தெரியாது. வெளுப்பாக இருப்பதையெல்லாம் மேடு என்றே மெஷின் எடுத்துக்கொள்ளும்.

அப்புறம் கணினியில் உட்கார்ந்து, மூக்கு நுனியை வெள்ளையாக வைத்து, காதுப் பக்கம் போகப் போகச் சாம்பலாகக் கரையவிட்டு, உயரத்தைக் காட்டும் படமாகவே திரும்ப வரைந்தேன். மூன்று வாரம் ஆனது.

அடுத்தது மரம். வீட்டில் தேக்குத் துண்டு இருந்தது, அதில்தான் தொடங்கினேன். தேக்கின் ஆண்டு வளையத்தில் ஒரு பட்டை மென்மை, அடுத்தது கெட்டி. கதிர் மென்மையான பட்டையை ஆழமாகத் தின்றுவிட்டு, கெட்டியானதை மிச்சம் வைத்தது. கன்னம் முழுக்க வரிவரியாக ஓடியது. பிறகு வெட்பாலைக்கு மாறினேன். கர்நாடகத்தின் சென்னபட்டணா ஊரில் பொம்மை கடைவதற்குப் பெயர்போன மரம். வெளேரென்று, நார் தெரியாத அளவுக்கு நெருக்கமாக இருக்கும். கதிர் அதில் ஒரே சீராக இறங்கியது.

மரத்தை மாற்றினால் கணக்கும் மாறும். அதனால் முதலில் ஒரு துண்டில் வெள்ளையிலிருந்து கறுப்புவரை 16 கட்டங்களைச் சுட்டு, ஒவ்வொன்றின் ஆழத்தையும் அளந்தேன். பாதிச் சாம்பலுக்குப் பாதி ஆழம் வரவில்லை. மிகக் குறைந்த சக்தியில், கதிரை உண்டாக்கும் லேசர் குழாய் எரியவே இல்லை. அந்த அளவுகளை வைத்துப் படத்தின் சாம்பல் நிறங்களைத் திருத்திய பிறகுதான் கன்னத்தின் வளைவு வளைவாகவே வந்தது.

ஒரே ஓட்டத்தில் முழு ஆழமும் போகக்கூடாது, அடியில் கரி தங்கிவிடும். மூன்று ஓட்டமாகப் பிரித்தேன். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பித்தளை பிரஷால் கரியைத் துடைத்து, கதிர் குவியும் புள்ளியை இறக்கிக்கொள்ள வேண்டும். மெஷின் ஓடும்போது டீ குடிக்கக்கூட நகராதீர்கள். மரம் எந்த நொடியிலும் தீப்பிடிக்கலாம். அதே மெஷினில் பிவிசி பிளாஸ்டிக்கை வைக்கவே வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலை அரித்துவிடும்.

கடைசி ஓட்டம் முடிந்து பிரஷ் போட்டபோது, தாத்தா சிரிக்கும்போது கண்ணோரம் விழும் சுருக்கம் தெரிந்தது. கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன், கைக்குத் தட்டுப்பட்டது. காதுமடல் மட்டும் பலகையோடு ஒட்டிக் கிடந்தது. கதிர் நேர்கீழாகவே இறங்கும், மடலுக்கு அடியில் புகுந்து வெட்ட அதனால் முடியாது. அந்த இடத்தை அவருடைய பழைய உளியைத் தீட்டி, நானே கையால் குடைந்து எடுத்தேன்.

நன்றி, வணக்கம்.