கீழே போகப் போக என்ன நடக்குது? கார உலோகங்களும் ஹாலஜன்களும்

(திரையில்: அகலமான கண்ணாடித் தொட்டி, பாதி வரை தண்ணி. இடுக்கி நுனியில அரிசி அளவு சோடியம்.)

மண்ணெண்ணெய்ல இருந்து இப்பத்தான் வெளிய எடுத்த சோடியம் இது. தனிம வரிசை அட்டவணையோட முதல் தொகுதியில, அதாவது முதல் நெடுவரிசையில இருக்குற கார உலோகங்கள்ல ஒண்ணு. கத்தி வச்சாலே வெட்டுப்படும். வெட்டின பக்கம் பளபளன்னு இருக்கும். பார்த்துக்கிட்டு இருக்கும்போதே மங்கிடும். காத்துல இருக்குற ஆக்சிஜனும் ஈரமும் அதுக்குள்ள வேலையை ஆரம்பிச்சிருக்கும்.

தண்ணியில விடுறோம். மிதக்குது. அடுத்த நொடியே உருகி, உருண்டையா திரண்டு, உஸ்ஸுன்னு சத்தத்தோட இங்கயும் அங்கயும் ஓடுது. தண்ணியில முன்னாடியே ரெண்டு சொட்டு பினாப்தலீன் விட்டிருந்தோம், காரம் பட்டா இளஞ்சிவப்பா மாறுற நிறங்காட்டி அது. சோடியம் ஓடின தடமெல்லாம் இளஞ்சிவப்பா மாறுது பாருங்க. சோடியம் ஹைட்ராக்சைடுங்கிற காரம் உண்டாகுதுன்னு அர்த்தம். குமிழ் விட்டு வர்றது ஹைட்ரஜன்.

இதே அளவு லித்தியத்தைப் போட்டா, நிதானமா குமிழ் விட்டுக்கிட்டே கரையும். பொட்டாசியம் போட்ட உடனே ஹைட்ரஜன் பத்திக்கும், இளம் ஊதாச் சுடர் தெரியும். ரூபிடியமும் சீசியமும் தண்ணி பட்ட மாத்திரத்துல வெடிக்கும். இதை யாரும் வீட்டுல செஞ்சு பார்க்காதீங்க. பாதுகாப்புக் கண்ணாடியும் தடுப்பும் போட்டுத்தான் ஆய்வகத்துலயே செய்வாங்க.

(திரையில்: முதல் தொகுதி, மேலிருந்து கீழ். ஒவ்வொரு அணுவைச் சுத்தியும் கூடுகள் ஒண்ணு ஒண்ணா கூடுது.)

இந்த அஞ்சுக்கும் வெளிக்கூட்டுல ஒரே ஒரு எலக்ட்ரான்தான். அதை விட்டுக்கொடுத்துட்டா மந்த வாயுவோட எலக்ட்ரான் அமைப்பு வந்துடும். லித்தியத்துக்கு ரெண்டு கூடு, சீசியத்துக்கு ஆறு. கூடு கூடக் கூட கடைசி எலக்ட்ரான் அணுக்கருவை விட்டுத் தள்ளிப் போகுது; நடுவுல இருக்குற மத்த எலக்ட்ரான்கள் அணுக்கருவோட ஈர்ப்பை மறைக்குது. அதனால பிடி தளருது. அந்த எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான ஆற்றல், அதாவது அயனியாக்கும் ஆற்றல், லித்தியத்துக்கு ஒரு மோலுக்கு 520 கிலோஜூல், சோடியத்துக்கு 496, பொட்டாசியத்துக்கு 419, சீசியத்துக்கு 376.

பாடப்புத்தகத்துல பெரும்பாலும் இதோட முடிச்சிடுவாங்க. எனக்கு அது போதாது. ஏன்னா, தண்ணியோட வினைபுரியும்போது வெளிவர்ற வெப்பத்தை அளந்து பார்த்தா, ஒரு மோல் லித்தியம் சுமார் 222 கிலோஜூல் தருது. சோடியம் 184தான்! சாதுவா கரையுற லித்தியம்தான் அதிக ஆற்றல் தருது. லித்தியம் அயனி ரொம்பச் சின்னது, தண்ணி மூலக்கூறுகளை நெருக்கமா இழுத்துக்கும். எலக்ட்ரானைப் பிடுங்க செலவான ஆற்றல் அதுலயே திரும்பக் கிடைச்சிடுது.

அப்போ ஏன் மெதுவா நடக்குது? உருகுநிலையைப் பாருங்க. லித்தியம் உருக 180 டிகிரி செல்சியஸ் வேணும். சோடியத்துக்கு 98, பொட்டாசியத்துக்கு 63.5, சீசியத்துக்கு 28.5 போதும், வெயில் நாள்ல சீசியம் குப்பிக்குள்ள திரவமாவே கிடக்கும். உருகின உலோகத்துல புதுப் பரப்பு வந்துக்கிட்டே இருக்கும், வினை வேகம் எடுக்கும். லித்தியம் திடமாவே இருக்குறதால அந்த வேகம் வராது. எவ்வளவு ஆற்றல் வருது, எவ்வளவு வேகமா வருது, இது ரெண்டும் வேற வேற கேள்வி. வினைத்திறன்னு ஒரே வார்த்தையில ரெண்டையும் சேர்த்துச் சொல்லிடுறோம், குழப்பம் அங்கதான் ஆரம்பிக்குது.

வெடிப்புக்குள்ள இன்னொரு புதிரும் இருந்துச்சு. உண்டாகுற ஹைட்ரஜனும் நீராவியும் உலோகத்துக்கும் தண்ணிக்கும் நடுவுல ஒரு படலமா நின்னு வினையைத் தடுக்கணும் இல்லையா? 2015ல ப்ராக் நகரத்துல வேதியியலாளர் பாவெல் யுங்விர்த் குழு, திரவமா இருக்குற சோடியம்-பொட்டாசியம் கலவையோட ஒரு சொட்டைத் தண்ணியில விட்டு அதிவேகக் கேமராவுல படம் பிடிச்சாங்க. ஒரு மில்லி செகண்டு ஆகுறதுக்குள்ள அந்தச் சொட்டுல இருந்து முள்ளு முள்ளா உலோகம் தண்ணிக்குள்ள பாயுது. எலக்ட்ரான்கள் முந்திக்கிட்டு தண்ணிக்குள்ள போயிடுது; மிச்சமிருக்குற நேர்மின் அயனிகள் ஒண்ணை ஒண்ணு தள்ளிச் சிதறுது. அதனாலதான் படலத்தைத் தாண்டிப் புது உலோகம் தண்ணியைத் தொட்டுக்கிட்டே இருக்கு.

(திரையில்: பதினேழாவது தொகுதி. மூணு சோதனைக் குழாய்கள்.)

ஹாலஜன்களுக்கு வருவோம்: மேலிருந்து கீழ் ஃப்ளூரின், குளோரின், புரோமின், அயோடின். இங்க வெளிக்கூட்டுல ஏழு எலக்ட்ரான், இன்னும் ஒண்ணு வேணும். கொடுக்குற வேலை இல்ல, இழுக்குற வேலை. தூரம் கூடினா இழுப்பு குறையும். அதனால கீழே போகப் போக வினைத்திறன் குறையுது. காரணம் அதே தூரம்தான், திசைதான் மாறுது.

நிறமில்லாத பொட்டாசியம் புரோமைடு கரைசல்ல குளோரின் நீரை விடுங்க: ஆரஞ்சு நிறம் ஏறும், புரோமின் வெளிய வந்துடுச்சு. பொட்டாசியம் அயோடைடுல விட்டா பழுப்பு, அது அயோடின். பொட்டாசியம் குளோரைடுல புரோமின் நீரை விட்டா? புரோமின் நீரோட நிறம் அப்படியே நிக்கும், வினை எதுவும் நடக்காது.

ஆனா இந்தத் தொகுதியிலயும் உச்சியில ஒரு முரண் இருக்கு. ஒரு எலக்ட்ரானைச் சேர்த்துக்கும்போது வெளிவர்ற ஆற்றல், அதாவது எலக்ட்ரான் நாட்டம், ஃப்ளூரினுக்கு 328 கிலோஜூல், குளோரினுக்கு 349. குட்டி அணுவுல ஏற்கனவே நெரிசல், புது எலக்ட்ரானுக்கு வரவேற்பு கொஞ்சம் குறைச்சல். இருந்தும் ஃப்ளூரின்தான் மூர்க்கமா வினைபுரியுது. ரெண்டு ஃப்ளூரின் அணுவுக்கு நடுவுல இருக்குற பிணைப்பை உடைக்க 158 கிலோஜூல் போதும், குளோரினுக்கு 242 வேணும். மத்த பெரும்பாலான தனிமங்களோட ஃப்ளூரின் போடுற பிணைப்போ ரொம்ப உறுதியானது. தொட்டதையெல்லாம் தின்னுடுற இந்த வாயுவைப் பிரிச்செடுக்க முயன்ற பல வேதியியலாளர்கள் நஞ்சேறி அவதிப்பட்டாங்க, சிலர் உயிரே விட்டாங்க. 1886 ஜூன் 26ஆம் தேதி பாரிஸ்ல ஆன்றி மொய்சான் மின்னாற்பகுப்பு மூலமா பிரிச்சுக் காட்டினார். 1906ல அவருக்கு நோபல் பரிசு.

(திரையில்: மறுபடி முதல் தொகுதி. கடைசிக் கட்டம்: ஃப்ரான்சியம்.)

கீழே போனா வேகம் கூடும்னா, சீசியத்துக்கும் கீழ இருக்குற ஃப்ரான்சியம் இன்னும் பயங்கரமா வெடிக்கும்னு தோணும். 1939ல மார்கரித் பெரே கண்டுபிடிச்ச தனிமம் இது. அதிக ஆயுள் உள்ள ஐசோடோப்புக்கே அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதையுற நேரம், 22 நிமிஷம்தான். தண்ணியில போட ஒரு துண்டு சேர்க்கவே முடியாது. அயனியாக்கும் ஆற்றலை மட்டும் அளந்திருக்காங்க: 393 கிலோஜூல். சீசியத்தை விட அதிகம்! 87 புரோட்டான் இருக்குற அணுக்கரு பக்கத்துல எலக்ட்ரான்கள் ஒளியோட வேகத்துல கணிசமான பங்கை எட்டுது. சார்பியல் விளைவால வெளிக்கூட்டு எலக்ட்ரானும் உள்நோக்கிச் சுருங்கி, பிடி மறுபடி இறுகுது. எலக்ட்ரானைச் சுலபமா விடுறதுல முதலிடம் இன்னும் சீசியத்துக்குத்தான்.