இலவசப் பாடநூல் தரமாக இருக்குமா, அதை நான் திருத்தலாமா?

சரி, அடுத்த கேள்வி. அமெரிக்காவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுப் படிப்புக் கல்லூரியில்) புள்ளியியல் நடத்துகிறவர் கேட்டிருக்கிறார்: "இணையத்தில் கிடைக்கும் திறந்த பாடநூல்கள் இலவசம் என்கிறார்கள். தரம் எப்படி? என் பாடத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றினால் காப்புரிமைச் சிக்கல் வராதா?"

புள்ளியியல் என்று சொன்னீர்கள், நல்லதாகப் போயிற்று. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ், 2012 முதல் இலவசப் பாடநூல்களை வெளியிட்டு வருகிறது. அதில் 'இன்ட்ரொடக்டரி ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' என்ற நூலைப் பாருங்கள். அதன் மூல நூலை எழுதிய பார்பரா இல்லோஸ்கி, சூசன் டீன் இருவருமே கலிஃபோர்னியாவில் டி ஆன்சா என்ற கம்யூனிட்டி காலேஜில் பாடம் நடத்தியவர்கள். உங்கள் வகுப்பில் இருப்பது போன்ற மாணவர்களை மனதில் வைத்து எழுதிய புத்தகம் அது. இலவசம் என்பதால் யாரோ போகிற போக்கில் எழுதிப் போட்டது என்று நினைக்காதீர்கள். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவும் வேண்டாம். நாலைந்து பயிற்சிக் கணக்குகளை நீங்களே போட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் தளத்திலேயே தெரிவிக்கலாம்.

திருத்துவதற்கு உரிமம்தான் முக்கியம், அதாவது நூலை எப்படிப் பயன்படுத்தலாம் என்று அதை வெளியிட்டவர் தரும் அனுமதி. இந்த நூல்களில் பெரும்பாலும் 'கிரியேட்டிவ் காமன்ஸ்', சுருக்கமாக 'சிசி', என்ற பொது உரிமம் இருக்கும். 'சிசி பை' என்றிருந்தால் ஆசிரியர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டு, மாற்றியிருப்பதையும் சொல்லிவிட்டால் போதும். அத்தியாயத்தை வெட்டலாம், வரிசையை மாற்றலாம், கணக்கில் வரும் தரவை உங்கள் மாணவர்களுக்குப் பழக்கமான தரவாக மாற்றலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 'என்சி' சேர்ந்தால் வணிக நோக்கம் கூடாது. 'எஸ்ஏ' என்றால் திருத்திய பிரதியையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். 'என்டி' என்றால் திருத்தியதைப் பகிரவே கூடாது. ஒரே தளத்தில்கூட புத்தகத்துக்குப் புத்தகம் இது மாறும், அதனால் ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பாருங்கள்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், முதல் நாள் வகுப்பு. உதவித்தொகை கைக்கு வந்த பிறகுதான் புத்தகம் வாங்க முடியும் என்ற நிலையில் பலர் இருக்கிறார்கள். அதற்குள் இரண்டு பாடம் ஓடிவிடும். பிறகு எட்டிப் பிடிப்பது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்கே தெரியும். பிடிஎஃப் என்றால் முதல் நாளே எல்லோர் கையிலும் இருக்கும், பருவம் முடிந்த பிறகும் அவர்களிடமே இருக்கும்.

ஒன்றில் மட்டும் கவனம். புத்தகம் இலவசம், ஆனால் வீட்டுப்பாடத் தளத்துக்கு அக்சஸ் கோடு வாங்க வேண்டும் என்றால் செலவு திரும்பவும் மாணவர் தலையில்தான் விழும். நூலைத் தேர்ந்தெடுக்கும்போதே இதையும் விசாரித்துவிடுங்கள். திரையில் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்காக ஓர் அச்சுப் பிரதியைக் கல்லூரி நூலகத்தில் வைக்கச் சொல்லுங்கள்.