பரண் மேல இருக்கிற பெட்டியை யார்கிட்ட ஒப்படைக்கிறது?

(கும்பகோணத்துல ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் அவங்க குடும்பத்துக்காரங்களும் கூடின ஒரு கூட்டத்துல பேசினது. பேசின மாதிரியே எழுதியிருக்கேன், நேரம் பத்தாம விட்டுப்போன சிலதை மட்டும் சேர்த்திருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம். இங்க உக்காந்திருக்கிற பாதிப் பேர் வீட்டுப் பரண்ல ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும், அப்பாவோடதோ மாமனாரோடதோ, உள்ள கடிதாசு, டைரி, கையெழுத்துப் பிரதி, கூட்ட நோட்டீஸ், அச்சாபீஸ் ப்ரூஃப் எல்லாம் கிடக்கும். அதை ஒரு பல்கலைக்கழக ஆவணக்காப்பகத்துக்கு எப்படிக் கொடுக்கறதுன்னுதான் இன்னிக்கு பேச வந்திருக்கேன். இந்த ஊர்ல நின்னு அதைப் பேசறதுன்னா ராமானுஜன்கிட்டேருந்துதான் ஆரம்பிக்கணும்.

1920 ஏப்ரல்ல அவர் இறந்தப்போ அவருக்கு 32 வயசு, அவர் மனைவி ஜானகி அம்மாளுக்கு 21. கடைசி வருஷம் உடம்பு சுத்தமா முடியாதப்பவும் அவர் கணக்கு எழுதிக்கிட்டேதான் இருந்தார். அவர் போனதும் அந்தக் காகிதமெல்லாம் ஜானகி அம்மாள் மூலமா சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போச்சு. 1923 ஆகஸ்ட்ல அங்க பதிவாளரா இருந்த டியூஸ்பரி ஒரு கட்டு காகிதத்தை, ராமானுஜனை இங்கிலாந்துக்கு வரவழைச்ச கணித பேராசிரியர் ஹார்டிக்கு அங்க அனுப்பி வெச்சார், நான் சொல்லப்போற தாள்களும் அந்தக் கட்டுலதான் போயிருக்கும்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. ஹார்டிகிட்டேருந்து அது வாட்சன்னு இன்னொரு கணித பேராசிரியர்கிட்ட போச்சு. எப்போ போச்சுன்னு தேதி கிடையாது, கொடுத்தவரும் எழுதி வெக்கல வாங்கினவரும் எழுதி வெக்கல.

1965ல வாட்சன் இறந்துட்டார். அவரைப் பத்தி இரங்கல் கட்டுரை எழுதறதுக்காக விட்டாக்கர்னு ஒருத்தர் அந்த வீட்டுக்குப் போறார். வாட்சனோட மனைவி சாப்பாடு போட்டு, மாடிக்குக் கூட்டிட்டுப் போய் காட்டறாங்க, ஒரு ரூம் முழுக்க தரையில ஒரு அடி உயரத்துக்குக் காகிதம், எது எதோடன்னே தெரியாம கலந்து கிடக்கு. இன்னும் சில நாள்ல எல்லாத்தையும் எரிக்கப் போறாங்க. குத்துமதிப்பா கைய விட்டு எடுத்ததுல ராமானுஜன் கையெழுத்து வருது! அப்புறம் ராங்கின்னு ஒரு பேராசிரியர் பல தடவை அந்த வீட்டுக்குப் போய் காகிதத்தைப் பிரிச்சு எடுத்தார். ராமானுஜனோட தாள்களை 1968 டிசம்பர் 26ஆம் தேதி கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்கு அனுப்பி வெச்சார். பாருங்க, இந்தத் தாள்களோட பயணத்துல ஒரு தேதி தெளிவா நிக்கறது எங்கன்னா அது காப்பகத்துக்குள்ள நுழையற இடத்துலதான்.

அதுக்கப்புறமும் எட்டு வருஷம் கணக்கு உலகத்துக்கு இது தெரியாது. 1976ல அமெரிக்காவுலேருந்து ஜார்ஜ் ஆண்ட்ரூஸ்னு ஒரு கணித பேராசிரியர் வந்து அந்த நூலகத்துல வாட்சனோட பெட்டியைத் திறந்து பார்த்தார். அவர் பிஎச்டி பண்ணினதே மாக் தீட்டா சார்புகள்லதான், அதாவது ராமானுஜன் கடைசியா 1920 ஜனவரியில ஹார்டிக்கு எழுதின கடிதத்துல சொன்ன அதே விஷயம். அதனால பார்த்த உடனே அவருக்குப் புரிஞ்சுது. நூத்துக்கு மேல பக்கம், அறுநூறுக்கு மேல சூத்திரம். அதைத்தான் இன்னிக்கு 'தொலைஞ்ச நோட்டுப் புத்தகம்'னு சொல்றோம், உண்மையில அது நோட்டே இல்ல, உதிரித் தாள்தான். ஆண்ட்ரூஸும் புரூஸ் பெர்ன்ட்டும் சேர்ந்து அந்தத் தாள்களுக்கு விளக்கம் எழுதி முடிக்க அஞ்சு வால்யூம் ஆச்சு, கடைசி வால்யூம் வந்தது 2018ல.

அந்த ரூம்ல விட்டாக்கர் கை வேற பக்கம் போயிருந்தா? எனக்கு இதை நினைச்சாலே இப்பவும் வயித்தைப் பிசையுது. ஒரு மேதையோட கடைசி வருஷ உழைப்பு ஒருத்தர் கைபோன போக்குல தப்பிச்சிருக்கு. நம்ம வீட்டுப் பெட்டியில ராமானுஜன் இல்லதான், ஆனா அதுல என்ன இருக்குன்னு முடிவு பண்ற ஆள் நாம இல்லீங்க. உங்க தாத்தா எழுதின நெல் விலைக் கணக்கு உங்களுக்குப் பழைய காகிதம், தஞ்சாவூர் ஜில்லா விவசாயத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்ற ஒரு பொண்ணுக்கு அதுதான் மூணு வருஷமா தேடிக்கிட்டிருக்கிற பொருள். அந்தப் பொண்ணு இன்னும் பொறக்காமக்கூட இருக்கலாம்.

சரி, எப்படிக் கொடுக்கறது? முதல்ல நான் கெஞ்சிக் கேட்டுக்கறது, ஒழுங்கு பண்றேன்னு உக்காராதீங்க. கடிதாசை எல்லாம் தேதி வாரியா அடுக்கி, முக்கியமில்லன்னு தோணறதைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுட்டு, மிச்சத்தை அழகா ஃபைல் பண்ணிக் கொண்டு வர்றாங்க, ஆசையோட செய்யறாங்க, ஆனா அதுல போறது போனதுதான். உங்க அப்பா ஒரு கடிதாசையும் ஒரு ரசீதையும் ஒண்ணா மடிச்சு ஒரே கவர்ல வெச்சிருந்தார்னா அது ரெண்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கு, அந்தத் தொடர்பு வேற எங்கயும் எழுதியிருக்காது. எந்த ஆர்டர்ல இருக்கோ அப்படியே விடுங்க. கிழிஞ்சிருந்தா செல்லோடேப் ஒட்டாதீங்க, அந்தப் பசை நாளாக ஆக பழுப்பேறி எழுத்தையும் சேர்த்துக் கெடுத்துடும். லாமினேஷன் பண்ணவே பண்ணாதீங்க, அதுக்கப்புறம் அந்தக் காகிதத்தை யாராலயும் சரியாக் காப்பாத்த முடியாது. செல்லரிச்சிருந்தாலும் பரவாயில்ல, அப்படியே ஒரு அட்டைப்பெட்டியில போட்டுட்டு, பூச்சி இருக்குன்னு முன்னாடியே சொல்லிடுங்க. வெக்கப்பட்டுக்கிட்டு சொல்லாம விட்டா மத்தவங்க பெட்டிக்கும் பரவிடும்.

நீங்க செய்ய வேண்டியது வேற ஒண்ணு இருக்கு, அதை வேற யாராலயும் செய்ய முடியாது. போட்டோ. குரூப் போட்டோவுல யார் யார்னு உங்க அம்மாவுக்குத் தெரியும், உங்களுக்குக் கொஞ்சம் தெரியும், உங்க பையனுக்கு ஒருத்தரையும் தெரியாது. அம்மா இருக்கும்போதே உக்காந்து பேரை எழுதி வாங்குங்க, பின்னாடி பென்சில்ல மெதுவா எழுதுங்க, பேனாவால அழுத்தி எழுதினா முகத்துல தழும்பு விழும். கடிதாசுல 'அன்புள்ள அத்திம்பேருக்கு'ன்னு ஆரம்பிச்சு 'இப்படிக்கு சுந்து'ன்னு முடிஞ்சா அந்த அத்திம்பேர் யாரு சுந்து யாருன்னு ஒரு பேப்பர்ல எழுதி உள்ள வைங்க.

அடுத்தது எழுத்து மூலமான ஒப்பந்தம், இதுலதான் நம்ம ஆளுங்க ரொம்ப அசால்ட்டா இருக்காங்க. தெரிஞ்ச புரொபசர் ஒருத்தர் வீட்டுக்கு வந்தார், காபி குடிச்சார், பெட்டியைத் தூக்கிட்டுப் போனார், அதோட சரி. அவர் ரிட்டயர் ஆனதும் அந்தப் பெட்டி துறையோடதா அவரோடதா நூலகத்தோடதா யாருக்கும் தெரியாது. ஆளுக்குக் கொடுக்காதீங்க, நிறுவனத்துக்குக் கொடுங்க. நகர்த்தக்கூடிய பொருளைக் கையில ஒப்படைச்சாலே சட்டப்படி தானம் செல்லும், ரிஜிஸ்தர் ஆபீஸ் போக வேண்டியதில்ல, ஆனாலும் ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட ஒரு ஒப்படைப்புக் கடிதம் கட்டாயம் வேணும், அதுல என்னென்ன கொடுத்தோம்னு ஒரு பட்டியல் இருக்கணும், அவங்களுக்கு வேண்டாததைத் திருப்பித் தருவாங்களா இல்ல கழிச்சுடுவாங்களான்னும் எழுதியிருக்கணும். கூடப்பிறந்தவங்க இருந்தா எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. நாலு வருஷம் கழிச்சு அமெரிக்காவுலேருந்து தம்பி வந்து அண்ணன் எப்படிக் கொடுத்தான்னு கேட்டா காப்பகம் அந்தப் பெட்டியையே மூடி வெச்சிடும்.

காப்பிரைட் வேற, காகிதம் வேற. காகிதத்தைக் கொடுத்ததால காப்பிரைட் தானா போயிடாது, அதைத் தனியா எழுதிக் கொடுத்தாத்தான் போகும். நம்ம நாட்டுல பொதுவா எழுதினவர் இறந்து 60 வருஷம் வரைக்கும் காப்பிரைட் உண்டு. எழுதிக் கொடுக்கும்போது எத்தனை காலத்துக்குன்னு குறிப்பிடலைன்னா சட்டம் அதை அஞ்சு வருஷம்னுதான் எடுத்துக்கும், எந்த நாட்டுக்குன்னு சொல்லலைன்னா இந்தியாவுக்கு மட்டும்னு எடுத்துக்கும், இது நிறைய பேருக்குத் தெரியாது. இன்னொண்ணு, உங்க அப்பாவுக்கு மத்தவங்க எழுதின கடிதாசு இருக்கே, அந்தக் காகிதம்தான் உங்களோடது, அதுல இருக்கிற எழுத்தோட உரிமை எழுதினவங்களோடது. படிக்கக் கொடுக்கலாம், புத்தகமா போடணும்னா அவங்க வாரிசுகிட்ட கேக்கணும்.

வித்தா தப்பான்னு ஒரு மேடம் கேட்டாங்க. தப்பே இல்லைங்க. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் பூரா சம்பாத்தியத்தைப் போட்டு லட்சத்துக்குக் கிட்ட பொருள் சேர்த்தார், புத்தகம் மட்டும் இல்ல, நாடக நோட்டீஸ் சினிமா பாட்டுப் புத்தகம்னு மத்தவங்க தூக்கிப் போட்டதையும் சேர்த்தார். 1992ல அவர் இறந்தப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் 1994ல அதை வாங்கினது. வாங்கினவங்க அமெரிக்காவுக்குக் கப்பல் ஏத்தல, சென்னையிலயே ஒரு நூலகமா வெச்சு, மைக்ரோஃபிலிம் எடுத்து, யாரு வேணாலும் வந்து படிக்கற மாதிரி பண்ணினாங்க. தமிழ் புத்தகம் தமிழ்நாட்டுலயே இருக்கணும், நகல் உலகம் பூரா போகணும், இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரிஞ்சு இல்ல. 1981ல யாழ்ப்பாணம் நூலகத்துல 97,000 புத்தகம் எரிஞ்சப்போ ஏட்டுச்சுவடியும் சேர்ந்து போச்சு, அதுல பலதுக்கு வேற பிரதியே கிடையாது. அதனால கொடுக்கற இடத்துல நகல் எடுப்பீங்களா, நகலை வேற ஊர்ல வைப்பீங்களான்னு தைரியமா கேளுங்க, தானம் கொடுக்கறவங்களுக்கு அந்த உரிமை இருக்கு.

ஹெட்மாஸ்டரா இருந்து ஓய்வு பெற்ற ரெண்டு பேர் பழைய அட்மிஷன் ரிஜிஸ்தர், மீட்டிங் மினிட்ஸ் எல்லாம் வீட்டுல பத்திரமா வெச்சிருக்கோம்னு சொன்னாங்க. காப்பாத்தினதுக்குக் கும்பிடறேன். ஆனா சார், அது உங்களோடது இல்ல, பள்ளிக்கூடத்தோடது, நீங்க தானம் பண்ண முடியாது. பள்ளி நிர்வாகம் தீர்மானம் போட்டு காப்பகத்துக்கு மாத்திக் கொடுக்கணும். பல்கலைக்கழகத் துறைகளோட ஃபைலும் அப்படித்தான், துறைத்தலைவர் மாறினதும் பீரோவைக் காலி பண்றாங்க, முப்பது வருஷ பாடத்திட்டக் குழு குறிப்பு குப்பைக்குப் போகுது. எதை எத்தனை வருஷம் வெக்கணும், எதை எப்போ காப்பகத்துக்கு அனுப்பணும்னு ஒரு அட்டவணை இருந்தா ஒருத்தரோட நல்ல மனசை நம்பிக்கிட்டு இருக்க வேண்டியதில்ல.

கம்ப்யூட்டர்ல எழுதினவங்களுக்கு ஒரு வார்த்தை. யூனிகோட் வர்றதுக்கு முன்னாடி வானவில், பாமினின்னு ஆளுக்கொரு ஃபாண்ட்ல அடிச்சோம், அந்த ஃபாண்ட் இல்லாம ஃபைலைத் திறந்தா வெறும் கொறகொற எழுத்துதான் தெரியும். ஃபைலோட சேர்த்து ஃபாண்டையும் காப்பி பண்ணிக் கொடுங்க, எந்த சாஃப்ட்வேர்ல பண்ணினதுன்னு எழுதிக் கொடுங்க. பழைய ஃபிளாப்பி இருந்தா தூக்கிப் போடாதீங்க, பல சமயம் படிச்சுட முடியும். ஈமெயிலை யார் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாதுன்னு நீங்க இருக்கும்போதே சொல்லி வைங்க.

கடைசியா எல்லாரும் காதுல வந்து கேக்கற கேள்வி. குடும்பச் சண்டை எழுதின கடிதாசு இருக்கு, உயிரோட இருக்கிறவங்க மனசு நோகும், கிழிச்சுடலாமான்னு. கிழிக்காதீங்க. தனிக் கவர்ல போட்டு ஒட்டி, இன்ன வருஷம் வரைக்கும் யாரும் திறக்கக் கூடாதுன்னு மேல எழுதி, ஒப்படைப்புக் கடிதத்துலயும் அதே நிபந்தனையைச் சேருங்க. 'எப்பவுமே திறக்கக் கூடாது'ன்னு மட்டும் எழுதாதீங்க, அப்படி எழுதினா நிறைய இடத்துல வாங்க மாட்டாங்க. இருபது வருஷமோ முப்பது வருஷமோ ஒரு கணக்கு வைங்க. அந்தக் கடிதத்தோட ஒரு பிரதி காப்பகத்துல இருக்கட்டும், ஒரு பிரதி உங்க வீட்டுப் பத்திரத்தோட இருக்கட்டும், பிள்ளைங்ககிட்டயும் எங்க இருக்குன்னு சொல்லி வைங்க.