எந்தக் கருவி குறைந்தது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மனிதகுலத்தின் நாளைய அறக்கேள்விகளுக்கு அறிவியலே வழிகாட்டும் என்று வாதிட்ட எதிரணித் தலைவர், "கவிதை படித்து எந்த நோய் தீர்ந்தது?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிச் சென்றார். தீரவில்லைதான். எங்கள் அணி முன்னிறுத்தும் இலக்கியமும் மெய்யியலும் இறையியலும் மருந்து செய்யப் புறப்பட்டவை அல்ல. மருந்து செய்யும் கை எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தபோது யாரை அழைத்தார்கள் என்பதே என் வாதம்.

1978 ஜூலையில் இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. உடலுக்கு வெளியே உருவாக்கிய கருவை எத்தனை நாள் வரை ஆராயலாம் என்ற சிக்கலும் கூடவே பிறந்தது. 1982இல் பிரிட்டன் அரசு ஒரு குழுவை அமைத்து, மேரி வார்னாக் என்னும் மெய்யியலாளரை அதற்குத் தலைவராக்கியது. மருத்துவரும் கருவியலாரும் அமர்ந்த அந்த மேசையில் ஓர் இறையியல் பேராசிரியருக்கும் இடம் இருந்தது. 1984இல் வெளிவந்த அறிக்கை 14 நாள் என்று வரம்பு கட்டியது. 1990இல் அது சட்டமாயிற்று.

ஏறத்தாழ 15ஆம் நாளில் கருவில் ஒரு கோடு தோன்றுகிறது, அதைக் காட்டியது நுண்ணோக்கிதானே என்பார்கள் எதிரணியினர். ஆம், கோட்டைக் காட்டியது நுண்ணோக்கிதான்; அந்தக் கோட்டின் முன் நாம் ஏன் கைகட்டி நிற்க வேண்டும் என்பதை அது காட்டவில்லை. ஒரு கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையராகும் வாய்ப்பு அநேகமாக அத்துடன் முடிகிறது, ஆகவே 'ஒருவர்' என்று சொல்லத்தக்க தொடக்கம் அதுவே என்று வாதிட்டவர்கள், ஒருவர் என்பவர் யார் என்ற பழைய மெய்யியல் கேள்விக்கல்லவா விடை தேடினார்கள்? பிரிட்டன் நாடாளுமன்ற மேலவையில் கரு ஆராய்ச்சிக்காகப் பேசியவர்களுள் ஒருவர் யார்க் பேராயர் ஜான் ஹேப்குட். உடலியங்கியலில் முனைவர் பட்டம் பெற்றபின் திருச்சபைக்கு வந்தவர். மனிதத்தன்மை ஒரு நொடியில் வந்து இறங்குவதில்லை, படிப்படியாகவே அமைகிறது என்பது அவர் நிலை. (பேராயர் என்றாலே முட்டுக்கட்டை என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.)

இலக்கியத்துக்கு வருகிறேன். 1818இல் வெளியான மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' நாவலில், தான் உருவாக்கிய உயிர் மங்கிய மஞ்சள் விழியைத் திறந்ததுமே விக்டர் அறையை விட்டு ஓடிவிடுகிறான். அன்றிரவு அது அவன் படுக்கைத் திரையை விலக்கிக் கை நீட்டுகிறது, அப்போதும் ஓடுகிறான். கடைசிவரை அதற்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. பின்னால் அது துணை கேட்கும்போது, பாதி செய்த பெண்ணுருவைப் பிய்த்தெறிகிறான். இந்த இருவருக்கும் பிறக்கப்போகும் சந்ததி வருங்கால மனிதரை என்ன செய்யும் என்ற எண்ணம் அப்போதுதான் அவனுக்கு வருகிறது.

சரியாக 200 ஆண்டு கழித்து, 2018 நவம்பரில், ஹே ஜியான்குய் என்ற சீன விஞ்ஞானி ஹாங்காங் மாநாட்டு மேடையில் நின்று, எச்.ஐ.வி. தொற்றாதிருக்க மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக விளக்கினார். அந்தத் திருத்தம் அவர்களின் பிள்ளைகளுக்கும் இறங்கக்கூடியது. மறு ஆண்டு சீன நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. நுண்ணோக்கியும், மரபணுவை வெட்டித் திருத்தும் கிறிஸ்பர் என்னும் கருவியும் கைவசம் இருந்த அந்த ஆய்வகத்தில் எந்தக் கருவி குறைந்தது என்று, அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இந்த அவைக்குச் சொல்லட்டும்.