2 வெள்ளை எலி 11 ஆயிடுச்சு, என்ன பண்றது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி பெரம்பூர்லருந்து ஒரு அக்கா அனுப்பியிருக்காங்க. படிக்கிறேன். "தம்பி, என் பொண்ணு ஆசைப்பட்டாளேன்னு 2 வெள்ளை எலி வாங்கினோம். ரெண்டும் பொட்டைன்னு சொல்லித்தான் கடையில குடுத்தாங்க. நேத்து காலையில பாத்தா 9 குட்டி! நாத்தம் வேற தாங்கல, தினமும் கூண்டைக் கழுவியும் போகல. மொட்டைமாடிக்குக் கீழ வீடு, வெயில் காலம் வருது. என்ன பண்றது?"

அக்கா, குட்டி போடாத அந்த இன்னொரு எலி ஆணாத்தான் இருக்கும். மொதல்ல வீடியோவ நிறுத்திட்டுப் போய் அதத் தனிக் கூண்டுல விடுங்க. மத்ததெல்லாம் அப்புறம். ஏன் இவ்ளோ அவசரம்னா, குட்டி போட்ட 24 மணி நேரத்துக்குள்ளயே தாய் எலி திரும்பவும் சேந்துடும். அதனால இப்பவே சினையா இருக்கலாம். சாதாரணமா 19லருந்து 21 நாள்ல குட்டி போடும், பால் குடுக்குறப்ப அது தள்ளிப்போய் 4 வாரம்கூட ஆகும். அதனால இன்னொரு ஈத்து வந்தாலும் பதறாதீங்க. ஆணைப் பிரிச்சிட்டா அதோட நின்னுடும்.

குட்டிங்கள இப்ப தொடவே வேணாம். கூட்டைக் கலைச்சா, பயந்துபோன தாய் குட்டியவே தின்னுடும். உங்க பொண்ணுகிட்ட இதப் பக்குவமா சொல்லுங்க. 10வது நாள் வாக்குல, முடி அடர்த்தியா வளர்றதுக்கு முன்னாடி, கைய நல்லா கழுவிட்டு ஒவ்வொண்ணா எடுத்து வயித்தத் திருப்பிப் பாருங்க. பெண் குட்டிக்கு ரெண்டு வரிசையா கடுகவிடச் சின்னதா காம்பு தெரியும். ஆணுக்குக் காம்பே கிடையாது. அப்பவே நோட்டுல எழுதி வச்சுக்கங்க, ஏன்னா முடி வளந்துட்டா அது மறைஞ்சிடும். 28 நாள் ஆச்சுன்னா ஆண் குட்டிங்கள வேற கூண்டுக்கு மாத்திடணும். 5, 6 வாரத்துலயே அதுங்க குட்டி போட வைக்கிற பருவத்துக்கு வந்துடும், அம்மா தங்கச்சின்னு பாக்காது. பெண் எலிங்க ஒண்ணாவே இருக்கட்டும், அதுங்களுக்குத் துணை வேணும். ஆண்ங்க வளந்தப்புறம் கடிச்சுக் குதறிக்கும், சண்டை ஆரம்பிச்சா தனித்தனியாப் போடுங்க.

தூக்குறப்ப வாலப் பிடிக்காதீங்க. வால் தோல் உரிஞ்சு வந்துடும். ரெண்டு கையையும் குழியா வச்சு, தண்ணி அள்ற மாதிரி அள்ளணும்.

இப்ப நாத்தம். நீங்க தினமும் கழுவுறதே நாத்தத்த அதிகமாக்குதுக்கா. ஆண் எலியோட மூத்திரத்துக்கு வாடை அதிகம், அத வச்சுத்தான் 'இது என் எடம்'னு அது சொல்லுது. நீங்க மொத்தமாக் கழுவிட்டா, அது மொதல்லருந்து எல்லா எடத்துலயும் பேஞ்சு வைக்கும். அதனால ஈரமான மூலைய மட்டும் ரெண்டு நாளைக்கு ஒருதடவை எடுத்துடுங்க. வாரம் ஒருதடவை படுக்கைய மாத்துறப்ப, பழசுல காய்ஞ்சதா ஒரு பிடி திரும்பப் போடுங்க. தாய் கூண்டுல மட்டும் இன்னும் ஒரு பத்து நாள் கூட்டுப் பக்கமே போகாதீங்க. தச்சுப் பட்டறை மரத்தூள் வேணாம், தூசியும் பிசினோட நெடியும் நுரையீரலக் கெடுத்துடும். பஞ்சும் வேணாம், கால்ல சுத்திக்கும். அச்சில்லாத வெள்ளைப் பேப்பரையும் டிஷ்யூவையும் கிழிச்சுப் போடுங்க. கண்ணாடி மீன்தொட்டியில வச்சிருந்தா மாத்திடுங்க. காத்து ஓடாம மூத்திரத்தோட அம்மோனியா அதுக்குள்ளயே தேங்கும், சூடும் இறங்காது.

சூடுன்னா, இத நான் மனசு கனத்துதான் சொல்றேன். ஒரு மே மாசம், வேலைக்குப் போற அவசரத்துல கூண்டை பால்கனியிலயே விட்டுட்டுப் போயிட்டேன். சாயங்காலம் வந்து பாக்குறேன், வாய் ஓரமெல்லாம் எச்சில் நனைஞ்சு, கூண்டு தரையில நீட்டிப் படுத்துக் கெடக்கு. காப்பாத்த முடியல. எலிக்கு நம்மள மாதிரி வேர்க்காது. உடம்பு சூட்ட வால் வழியாவும், எச்சில ரோமத்துல தடவியும்தான் தணிச்சுக்கும். 30 டிகிரி தாண்டுனாலே அதுக்குக் கஷ்டம், நம்ம ஊர் கத்திரி வெயில்ல 40 போகும். உங்களுது மொட்டைமாடிக்குக் கீழ வீடு. அதனால கூண்டை வீட்டுலயே குளிர்ச்சியான அறையில, ஜன்னல் வெயில் படாம, தரையோட தரையா வைங்க. ஒரு சின்ன மண்சட்டிய ஓரத்துல ஒரு சில்லு உடைச்சு, முனைய அரம் வச்சுத் தேய்ச்சுட்டுக் கவுத்துங்க, அதுக்குள்ள போய்ப் படுத்துக்கும். மத்தியானத்துல ஐஸ் பாட்டில ஒரு துணியில சுத்தி கூண்டுக்கு வெளிய ஒட்டி வைங்க. ஃபேன் காத்த நேரா அடிக்க விடாதீங்க. தண்ணி பாட்டில் முனையில இருக்குற குண்டு அடைச்சிருக்கான்னு தினமும் விரலால தட்டிப் பாருங்க. பால் குடுக்குற தாய்க்குத் தண்ணி நின்னுடவே கூடாது.

சாப்பாட்டுக்குப் பெருசா யோசிக்க வேணாம். கம்பு, தினை, ஓட்ஸ், ரெண்டு துண்டு வெள்ளரிக்கா. தாய்க்கு மட்டும் அவிச்ச முட்டை கொஞ்சம்.

கூண்டுக் கம்பி இடைவெளி 6 மில்லிமீட்டருக்கு மேல இருந்தா குட்டிங்க நழுவிடும். வெளிய இருக்குற எலி உள்ள வராமயும் பாத்துக்கணும், எலிக்காய்ச்சல் பயம் இருக்கு. மூஞ்சூறு வந்தாலும் விரட்டுங்க. அது எலியே கிடையாது, பூச்சி தின்னுற வேற இனம். ஆனா குட்டிங்கள விட்டு வைக்காது.

ஏதாவது ஒண்ணு முடியச் சிலிர்த்துக்கிட்டுக் கூனி உக்காந்திருந்தாலோ, மூச்சு விடுறப்ப 'டிக் டிக்'னு சத்தம் கேட்டாலோ, நாளைக்குப் பாக்கலாம்னு இருக்காதீங்க. அன்னிக்கே வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க.

ஒண்ணே ஒண்ணு கெஞ்சிக் கேட்டுக்கிறேன், கூட ஆயிடுச்சுன்னு தெருவுல விட்டுடாதீங்க. வெள்ளை நிறம், பயமே தெரியாது, காக்காவுக்கும் பூனைக்கும் ஒரு மணி நேரம் தாங்காது. 10வது நாள் பாத்துட்டு எத்தனை ஆண், எத்தனை பெண்ணுன்னு எனக்கு எழுதி அனுப்புங்கக்கா. நல்லா வளர்க்குற வீடாப் பாத்து நானும் சேந்து தேடுறேன்.