வில்லங்கச் சான்றில் வராத ஆட்கள்

நேயர்களுக்கு வணக்கம். சொத்துப் பத்திரங்களைப் படித்து, வாங்கலாமா வேண்டாமா என்று கருத்து எழுதித் தருவது வழக்கறிஞராக என் அன்றாட வேலை. வருகிறவர்கள் உட்கார்ந்ததும் சொல்வது, "ஈசி போட்டுப் பார்த்துட்டேன் சார், க்ளியரா இருக்கு" என்பதுதான்.

ஈசி என்கிற வில்லங்கச் சான்று எதைச் சொல்கிறது? அந்தச் சொத்தைப் பற்றிச் சார்பதிவாளர் அலுவலகத்தின் 1-ஆம் புத்தகத்தில் என்னென்ன பதிவாகியிருக்கின்றன என்பதை. அவ்வளவுதான். உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பதிவு செய்தாலும் அது 3-ஆம் புத்தகத்துக்குப் போய்விடும். கோர்ட்டில் நடக்கும் பாகப்பிரிவினை வழக்கும் பெரும்பாலும் ஈசியில் ஏறியிருக்காது. ஆனால் வழக்கு நடக்கும்போது வாங்கியவரை அதன் தீர்ப்பு கட்டுப்படுத்தும் என்கிறது 1882-ஆம் வருடத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. எனக்குத் தெரியாதே என்றால் எடுபடாது.

சரி, இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. இறந்துபோனவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பது எந்த ஈசியிலும் இருக்காது.

ஒருவர் மனை வாங்க ஃபைலோடு வந்தார். அந்த வாரமே அட்வான்ஸ் கொடுத்துவிடும் அவசரம். விற்கிறவர்களின் தந்தை பெயரில் கிரயப் பத்திரம், ஒரிஜினல். அவர் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். பட்டா தாயார், இரண்டு மகன்கள் பெயருக்கு மாறியிருந்தது. ஈசி சுத்தம். வரைவுப் பத்திரத்தில் ஒரு வரி: 'மேற்படியாரின் வாரிசுகளாகிய நாங்கள் மூவரும் ஆண்டனுபவித்து வரும்...'. வாரிசுச் சான்றிதழை மட்டும் ஃபைலில் காணோம்.

விற்கிறவரைப் போனில் பிடித்தேன். "கூடப்பிறந்தவங்க எத்தனை பேர்?" "தம்பி ஒருத்தன் சார்." "அக்கா, தங்கச்சி?" கொஞ்சம் நேரம் சத்தமில்லை. "ரெண்டு பேர். அதான் கட்டிக் கொடுத்தாச்சே சார்."

கட்டிக் கொடுத்துவிட்டால் பங்கு போய்விடாது. தந்தை தானே சம்பாதித்து வாங்கிய சொத்தில், இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956-இலிருந்தே மகளுக்கு மகனோடு சம பங்கு. 1989-ஆம் வருடத் தமிழ்நாட்டுத் திருத்தம், 2005-ஆம் வருட மத்திய அரசின் திருத்தம் என்று பேசுவதெல்லாம் பூர்வீகச் சொத்தைப் பற்றி. அதில் மகளுக்குப் பங்கு கிடைக்க 2005-இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் குழப்பத்தையும் தீர்த்துவிட்டது. இன்னொருவரையும் மறந்துவிடுவார்கள்: இறந்தவரின் தாயார். மகன் போன பிறகு அவர் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வாரிசுக் கணக்கே வேறு.

இந்த வீட்டில் பாட்டி முன்பே காலமாகிவிட்டார். ஆக ஐந்து பங்கு. மூன்று பேர் கையெழுத்துப் போட்டால் முழுப் பணம் கொடுத்தவருக்கு வந்து சேருவது ஐந்தில் மூன்று பங்குதான்.

"ரிஜிஸ்டர் ஆபீஸில் பார்க்க மாட்டார்களா?" என்று கேட்டார் என் கட்சிக்காரர். பத்திரம் பதிவானது என்றால் பத்திரம் பதிவானது என்றுதான் அர்த்தம். விற்றவருக்கு உரிமை இருந்தது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. பட்டாவும் அப்படித்தான். அது வருவாய்த் துறைப் பதிவு, உரிமைப் பத்திரம் ஆகாது.

அதனால் நான் பத்திரத்தைப் படிக்கும்போது நிலத்தைவிட ஆட்களைத்தான் அதிகம் தேடுவேன். பழைய பத்திரத்தில் 'மைனர்' என்ற சொல் கண்ணில் பட்டால் பேனா நின்றுவிடும். மைனரின் சொந்தச் சொத்தைத் தந்தையே விற்றாலும் கோர்ட் அனுமதி வேண்டும். அனுமதி இல்லை என்றால், பிள்ளை மேஜரான பிறகு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டு அந்தக் கிரயத்தை ரத்து செய்ய முடியும். பவர் ஏஜென்ட் விற்கிறாரா? பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாகப் பவரும் முடிந்தது. பவர் கொடுத்தவரை நேரில் பார்த்துப் பேசாமல் பணம் கொடுக்காதீர்கள் என்பேன். பவரும் அக்ரிமென்டும் மட்டும் வைத்துக்கொண்டு தன்னைச் சொத்துக்காரர் என்று சொல்கிறவருக்கு உரிமையே கிடையாது. 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஒரிஜினல் பத்திரம் தொலைந்துவிட்டது என்கிறார்களா? நிஜமாகவே தொலைந்திருக்கலாம். ஆனால் அது யாரிடமாவது அடமானத்தில் இருக்கிறதா என்றுதான் என் புத்தி முதலில் போகும். காவல்துறைச் சான்றும் பேப்பர் விளம்பரமும் இருந்தாலும் அந்தச் சந்தேகம் எனக்கு முழுசாகத் தீராது.

அப்புறம், இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். அங்கே குடியிருப்பவர் எந்த உரிமையில் இருக்கிறார் என்று அவரையே கேளுங்கள். கேட்காமல் வாங்கினாலும், அவருடைய உரிமை உங்களுக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

அந்த மனைக்கு வருவோம். அட்வான்ஸைத் தள்ளிப்போடச் சொன்னேன். சகோதரிகளில் மூத்தவர் என் எதிரில் உட்கார்ந்து, "எனக்கும் பங்கு இருக்குன்னு இதுவரைக்கும் யாருமே சொல்லலையே" என்றார். தம்பி தலையைக் குனிந்துகொண்டார். பேச்சு நாலு மாதம் இழுத்தது, ஒரு தடவை முறிந்தும் போனது. கடைசியில் கிரயப் பத்திரத்தில் ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள், பணமும் ஐந்தாகப் பிரிந்தது. இப்போது அந்த மனைக்கு ஈசி எடுத்தால், எழுதிக்கொடுத்தவர் என்ற இடத்தில் இரண்டு சகோதரிகளின் பெயரும் வரும்.

வணக்கம்.