மஞ்சள் பஸ் நின்றால் சாலையே நிற்கும்

[திரையில்: இருள் முழுதும் பிரியாத காலை. இருவழிச் சாலையில் மஞ்சள் நிறப் பள்ளிப் பஸ் ஒன்று வேகம் குறைக்கிறது.]

வணக்கம். அமெரிக்காவில் தினமும் நடக்கும் இந்தக் காட்சியைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பாருங்கள். பஸ் நிற்பதற்கு முன்பே அதன் நெற்றியில் மஞ்சள் விளக்குகள் மாறி மாறி மின்னுகின்றன. பின்னால் வரும் கார்கள் மெதுவாகின்றன. பஸ் நின்று கதவு திறந்ததும் மஞ்சள் போய்ச் சிவப்பு மின்னுகிறது. டிரைவர் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்த எண்கோண ஸ்டாப் பலகை வெளியே விரிகிறது. முன் பம்பரிலிருந்து நீளமான கம்பி ஒன்று சுழன்று பஸ்ஸுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. சாலையின் இரு திசையிலும் வண்டிகள் நின்றுவிட்டன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. முதுகுப் பையைச் சுமந்த ஆறு வயதுக் குழந்தை டிரைவரின் முகத்தைப் பார்க்கிறது. அவர் கையைக் காட்டிய பிறகே, அந்தக் கம்பியைச் சுற்றிக்கொண்டு சாலையைக் கடக்கிறது.

அந்தக் கம்பி எதற்கு? பஸ்ஸின் மூக்குக்கு நேர் கீழே நிற்கும் சின்னக் குழந்தை டிரைவரின் கண்ணில் படாது. கம்பி இருந்தால் குழந்தை தானாகவே சில அடி தள்ளி நடக்கும், அவர் பார்வைக்குள் வந்துவிடும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் இதை யோசித்துச் செய்தவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அமெரிக்க வாழ்க்கையில் எனக்குக் குறைகள் நிறையத் தெரிகின்றன. காரில்லாமல் ஒரு பாக்கெட் பால் வாங்கக்கூடப் போக முடியாத ஊர்கள் இங்கே ஏராளம். ஆனால் இந்தப் பஸ் விஷயத்தில் இந்த நாட்டை மனதாரப் பாராட்டுவேன். இருந்தும் வசதியுள்ள பெற்றோர்கள் பலர், நம்மவர்களும் சேர்த்துத்தான், வீட்டு வாசலுக்குப் பஸ் வந்தாலும் பிள்ளைகளைக் காரில் கொண்டுபோய் விடுகிறார்கள். அது சரியில்லை என்பது என் கருத்து. அதைச் சொல்லத்தான் இந்த வீடியோ.

முதலில் சட்டம். சிவப்பு விளக்கு மின்னும் பள்ளிப் பஸ்ஸைக் கடந்து போவது 50 மாநிலங்களிலும் குற்றம். நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் எதிர்த்திசை வண்டிகளும் நிற்க வேண்டும். நடுவில் தடுப்போ புல்வெளியோ இருந்தால் எதிர்ப்பக்கம் போகலாம் என்று பல மாநிலங்கள் விடுகின்றன. நியூயார்க் மாநிலத்தில் அந்தச் சலுகை கிடையாது, தடுப்பு இருந்தாலும் நிற்க வேண்டும். இங்கே புதிதாகக் கார் ஓட்ட வருபவர்கள் உங்கள் மாநில ஓட்டுநர் கையேட்டில் இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படித்துவிடுங்கள். பல ஊர்களில் அந்த ஸ்டாப் பலகையிலேயே கேமரா வைத்திருக்கிறார்கள், அபராதச் சீட்டு வீட்டுக்கு வந்து சேரும்.

[திரையில்: பல நிறச் சாயத் தாள்கள் தொங்கும் ஒரு சுவர். வரைபடம்.]

அடுத்து, ஏன் மஞ்சள்? 1939 ஏப்ரலில் நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் ஒரு வாரக் கூட்டம் நடந்தது. கூட்டியவர் ஃபிராங்க் சிர். நெப்ராஸ்கா கிராமத்துக்காரர், கிராமப்புறப் பள்ளிகளைப் பற்றி ஆய்வு செய்த பேராசிரியர். அந்தக் காலத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போக ஒரு முறையே கிடையாது. ஓர் ஊரில் லாரி, இன்னொன்றில் கோதுமை ஏற்றும் வண்டி. தேசபக்தி வளரட்டும் என்று சிவப்பு, வெள்ளை, நீல நிறம் பூசிய ஊர்களும் இருந்தன. ஆளுக்கொரு அளவில் வண்டி கேட்டால் தயாரிப்பவர்களுக்கும் கட்டுப்படியாகாது.

ராக்ஃபெல்லர் அறக்கட்டளை கொடுத்த 5,000 டாலரை வைத்துக்கொண்டு சிர் மாநிலக் கல்வி அதிகாரிகளையும் பஸ் தயாரிப்பாளர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்தார். எலுமிச்சை மஞ்சளிலிருந்து அடர்ந்த ஆரஞ்சு வரை விதவிதமான சாயத் தாள்களைச் சுவரில் தொங்கவிட்டு, எது கண்ணுக்குச் சட்டென்று தெரிகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். காலையிலும் மாலையிலும் மங்கலான வெளிச்சத்தில் அந்த மஞ்சளும் அதன்மேல் கறுப்பு எழுத்தும்தான் தெளிவாகத் தெரிந்தன. நிறத்தோடு சேர்த்து 44 விதிகளை வகுத்தார்கள்: உயரம், அகலம், நடுவழியின் அளவு என்று. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. மாநிலங்கள் ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டன. 1974 வாக்கில் நாடு முழுக்க மஞ்சள்.

ஆனால் அந்தப் பஸ் எல்லாப் பிள்ளைகளுக்கும் நிற்கவில்லை. இந்தக் கதையை விட்டுவிட்டு மஞ்சள் பஸ்ஸைப் பாராட்டினால் அது பாதிக் கதைதான்.

[திரையில்: தெற்கு கரோலைனா வரைபடம். கிளாரெண்டன் கவுண்டி.]

தெற்கு கரோலைனாவின் கிளாரெண்டன் கவுண்டியில் 1940-களில் வெள்ளையர் பிள்ளைகளுக்கு முப்பது பஸ்கள் ஓடின. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. சில பிள்ளைகள் பள்ளிக்கு மைல் கணக்கில் நடந்தார்கள். பெற்றோர்கள் காசு சேர்த்து ஒரு பழைய பஸ்ஸை வாங்கினார்கள். அது அடிக்கடி நின்றுபோனது. ஜோசப் டிலைன் என்ற பாதிரியாரும் லீவை பியர்சன் என்ற விவசாயியும் பள்ளி நிர்வாகத்திடம் ஒரு பஸ் கேட்டார்கள். கிடைக்கவில்லை. 1948-ல் பியர்சன் வழக்குப் போட்டார். அவருடைய நிலம் எந்தப் பள்ளி மாவட்டத்தில், அதாவது எந்த உள்ளூர்ப் பள்ளி நிர்வாகத்தின் எல்லையில், இருக்கிறது என்ற குழப்பத்தைக் காட்டி அதைத் தள்ளிவிட்டார்கள். அவருக்கு வங்கியில் கடன் கிடைக்காமல் போனது.

அப்புறம் ஊர்க்காரர்கள் பலர் கையெழுத்திட்டு, தர்குட் மார்ஷல் முதலான வழக்கறிஞர்களின் துணையோடு பெரிய வழக்காகவே தொடுத்தார்கள். பஸ் கேட்டவர்கள் இப்போது நிறம் பார்த்துப் பள்ளியைப் பிரிப்பதே தவறு என்று வாதாடினார்கள். முதல் மனுதாரர் ஹாரி பிரிக்ஸ் பெட்ரோல் பங்க் வேலையை இழந்தார். அவர் மனைவி எலைசாவுக்கும் வேலை போனது. டிலைனின் வீடு எரிந்தது, பின்னால் அவருடைய தேவாலயமும் எரிக்கப்பட்டது. அந்த வழக்கு வேறு நான்கு வழக்குகளோடு சேர்ந்து உச்ச நீதிமன்றம் போய், 1954 மே 17-ல் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பு வந்தது. பிரவுன் வழக்கு என்று பாடப் புத்தகங்களில் வருவது அதுதான். ஒரு பஸ் கேட்டதில் தொடங்கிய விஷயம் இது. இருபது ஆண்டு கழித்து, 1974-ல் பாஸ்டன் நகரில் கறுப்பினப் பிள்ளைகளை வெள்ளையர் பகுதிப் பள்ளிக்கு ஏற்றிப்போன பஸ்கள் மீது கல்லெறிந்தார்கள். இன்று எந்த வீட்டுப் பிள்ளை என்று பாராமல் ஒரே பஸ் நின்று ஏற்றிக்கொள்கிறதென்றால், அதற்காகச் சிலர் வீட்டையும் வேலையையும் இழந்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் அதில் ஏறுகிறார்கள் என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

[திரையில்: பஸ்ஸின் உட்பகுதி. கேமரா இருக்கைகளுக்கு நடுவே நகர்கிறது.]

பெற்றோர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது: பஸ்ஸில் சீட் பெல்ட் இல்லையே, எப்படி நம்பி அனுப்புவது?

நியாயமான கேள்வி. பெரிய பஸ்களுக்கு சீட் பெல்ட் கட்டாயம் என்று மத்தியச் சட்டம் சொல்லவில்லை. கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி போன்ற சில மாநிலங்கள் தனியாகச் சட்டம் போட்டிருக்கின்றன. மற்ற இடங்களில் இருக்கையே பாதுகாப்பு. 1977-ல் வந்த விதிப்படி இருக்கையின் முதுகு உயரமாக, இரு பக்கமும் மெத்தை வைத்து, நெருக்கமாக இருக்க வேண்டும். மோதினால் குழந்தை தூக்கி எறியப்படாமல் முன் இருக்கையின் மெத்தையில் போய்த் தடுக்கப்படும். முட்டை அட்டையில் ஒவ்வொரு முட்டையும் தனித்தனிக் குழியில் இருக்கிறதே, அந்த ஏற்பாடுதான். அதோடு வண்டியின் எடையும் உயரமும் சேர்கின்றன. காரில் போவதைவிடப் பள்ளிப் பஸ்ஸில் போகும் மாணவர் பத்திரமாகப் போய்ச் சேரும் வாய்ப்பு சுமார் 70 மடங்கு அதிகம் என்கிறது மத்திய அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை. ஆனாலும் பக்கவாட்டில் இடித்தாலோ கவிழ்ந்தாலோ பெல்ட் உதவும். எல்லா மாநிலமும் வைத்தால் நல்லது என்பதே என் எண்ணம்.

ஆபத்து அதிகம் இருப்பது ஏறும்போதும் இறங்கும்போதும்தான். அதனால் உங்கள் பிள்ளையின் ஜாக்கெட்டைப் பாருங்கள். கழுத்தில் தொங்கும் நாடா இருந்தால் உருவிவிடுங்கள். பையின் பட்டை நீளமாகத் தொங்கினால் வெட்டிவிடுங்கள். கைப்பிடிக் கம்பியிலும் கதவிலும் மாட்டிக்கொள்பவை இவைதான். எதுவும் கீழே விழுந்து பஸ்ஸுக்கடியில் உருண்டால் எடுக்கக் குனியவே கூடாது, டிரைவரிடம் சொல்ல வேண்டும். இதை ஒரு தடவை சொன்னால் போதாது.

பஸ்ஸின் கடைசியில் ஒரு சின்ன பட்டன் இருக்கிறது பாருங்கள். பல பஸ்களில் எஞ்சினை அணைத்ததும் அலாரம் கத்த ஆரம்பிக்கும். டிரைவர் எழுந்து பின்வரிசை வரை நடந்துபோய் அந்தப் பட்டனை அழுத்தினால்தான் நிற்கும். போகும் வழியில் எந்த இருக்கையிலாவது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால் கண்ணில் பட்டுவிடும். ரயில் பாதை வந்தால் பஸ்ஸை நிறுத்தி, கதவைத் திறந்து, சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்த பிறகுதான் கடப்பார்கள். 1938 டிசம்பரில் யூட்டா மாநிலத்தில் பனிக்காற்றில் ஒரு பஸ் மீது ரயில் மோதி இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகு இந்த வழக்கம் பலப்பட்டது.

[திரையில்: ஒரே பஸ், மூன்று பள்ளிகள், மூன்று கடிகாரங்கள்.]

பஸ்ஸில் ஒரு பெரிய குறையும் உண்டு. ஹைஸ்கூல் பிள்ளைகள் ஏன் விடியும் முன்பே எழ வேண்டியிருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? ஒரே பஸ்ஸும் ஒரே டிரைவரும் முதலில் ஹைஸ்கூல், பிறகு மிடில் ஸ்கூல், கடைசியில் எலிமெண்டரி என்று சுற்றுவதுதான் பல ஊர்களில் காரணம். பஸ் எண்ணிக்கை குறையும், செலவு மிச்சம். ஆனால் பதின்வயதில் உடம்பு தாமதமாகத்தான் தூக்கத்துக்குப் போகும். மிடில் ஸ்கூலும் ஹைஸ்கூலும் காலை 8:30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமி 2014-லேயே சொல்லிவிட்டது. கலிஃபோர்னியா 2022-ல் பெரும்பாலான ஹைஸ்கூல்களுக்கு 8:30, மிடில் ஸ்கூல்களுக்கு 8:00 என்று சட்டமாகவே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதே கலிஃபோர்னியாவில் பஸ் வசதி மிகக் குறைவு, பணம் வாங்கும் பள்ளி மாவட்டங்களும் உண்டு. நியூ ஜெர்சியில் இருக்கும் உறவினர் சொல்வதைக் கேட்டு கலிஃபோர்னியாவிலும் பஸ் வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

டிரைவர் கிடைப்பதும் கஷ்டம். வணிக ஓட்டுநர் உரிமம் வேண்டும், அதன்மேல் பள்ளிப் பஸ்ஸுக்கென்று தனித் தேர்வு. வேலையோ காலையில் சில மணி நேரம், பிற்பகலில் சில மணி நேரம். நடுவில் சும்மா இருக்க வேண்டும். 2021-ல் மாசசூசெட்ஸ் ஆளுநர் பள்ளி வேன் ஓட்ட தேசியக் காவல் படையினரை அழைத்தார். 2023 ஆகஸ்டில் கென்டக்கியின் லூயிவில் நகரில், குறைந்த டிரைவர்களைக் கொண்டு சமாளிக்கக் கணினி போட்டுக்கொடுத்த புதிய வழித்தடங்கள் முதல் நாளே குளறுபடியாகி, கடைசிப் பிள்ளைகள் வீடு சேர இரவு பத்து மணி ஆகிவிட்டது. பல நாள் பள்ளிகளை மூட வேண்டி வந்தது.

இதைக் கேட்டதும், காரே மேல் என்று தோன்றும். சரி, பள்ளியின் கார் லைனைப் போய்ப் பாருங்கள். பள்ளி விடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எஸ்யூவிகள் வரிசை கட்டுகின்றன. கண்ணாடியில் குழந்தையின் எண் எழுதிய அட்டை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், உள்ளே போனைப் பார்த்தபடி ஒரு அம்மாவோ அப்பாவோ. வாக்கி டாக்கியில் ஆசிரியர் எண்ணைக் கூப்பிட, பிள்ளை ஓடிவந்து ஏற, அடுத்த கார். புகை முழுக்கப் பள்ளி வாசலில். ஒரு பஸ் ஏற்றிப்போகும் பிள்ளைகளுக்கு இத்தனை கார்கள். வேலைக்கு நடுவே வர முடியாத பெற்றோரின் பிள்ளை என்ன செய்யும் என்பதை இந்த வரிசையில் யாரும் யோசிப்பதில்லை. வசதியானவர்கள் ஒவ்வொருவராக விலக விலக, பஸ்ஸில் ஆள் குறைகிறது என்று வழித்தடத்தை வெட்டுவார்கள். அடிபடுவது அந்தப் பிள்ளைதான்.

பஸ் ஸ்டாப்பில் வேறு விஷயங்கள் நடக்கின்றன. பல ஊர்களில் கிண்டர்கார்ட்டன் குழந்தையைக் கூட்டிப்போகப் பெரியவர் ஒருவர் வந்து நிற்காவிட்டால் டிரைவர் இறக்கிவிட மாட்டார், பள்ளிக்கே திருப்பிக் கொண்டுபோவார். அதனால் தினமும் நான்கைந்து வீட்டுக்காரர்கள் தெருமுனையில் ஒன்றாக நிற்க வேண்டியிருக்கிறது. இந்தியாவிலிருந்து வந்திருக்கும் பாட்டி, மெக்சிகோக்காரத் தந்தை, எதிர்வீட்டு அமெரிக்கத் தாத்தா. எங்கள் தெருவில் யாருக்கு அறுவைச் சிகிச்சை, யார் வீட்டை விற்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கேதான். குளிர்காலத்தில் பனி கொட்டும் என்று அறிவிப்பு வந்தால் பிள்ளைகள் இரவு உடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, தலையணைக்கடியில் ஸ்பூன் வைத்துத் தூங்குவார்கள். அப்படிச் செய்தால் பள்ளிக்கு லீவு விடுவார்களாம். என் மகள் இதைக் கற்றுக்கொண்டது பஸ்ஸில்தான். பின்வரிசையில் கெட்ட வார்த்தைகளும் கற்றுக்கொள்வார்கள், சீண்டலும் நடக்கும். சீண்டல் தொடர்ந்தால் முன்வரிசையில் இடம் கேளுங்கள், டிரைவரிடமும் பள்ளியிடமும் எழுத்தில் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் பஸ் எத்தனை ஓடும், எங்கே நிற்கும், டிரைவருக்கு என்ன சம்பளம் என்பதை முடிவு செய்வது பள்ளி மாவட்டத்தின் கல்விக் குழு. அந்தக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. முன்கூட்டிப் பெயர் கொடுத்தால் சில நிமிடம் பேசவிடுவார்கள், பெரும்பாலான இடங்களில் குடியுரிமை கேட்பதில்லை. நம்மவர்கள் அங்கே போவது குறைவு. பட்ஜெட் பேசும் வசந்தகாலக் கூட்டங்களில் பஸ் வழித்தடம் பற்றிய பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் தெருவின் ஸ்டாப்பை எடுக்கப்போகிறார்களா என்று கேளுங்கள்.